சுருங்குவனவும் சுருங்காதனவும்

ஆவடி வாசிகளுக்கு டாங்கி ஓர் அபூர்வ வஸ்து அன்று. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் இலட்சியமாகப் பிரகடனம் செய்த அந்த ஊரில், பத்தே ஆண்டுகள் கழித்து, 1965-இல், கனரக வாகனத் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அன்று முதல் 'டாங்க் பாக்டரி' என்ற பெயரே ஊரார் நாவில் நிலைத்துவிட்டது. விஜயந்தாவுக்குப் பின், ரஷ்ய டி-72எம்1-இன் இந்தியப் பிரதியான அஜேயாவும், அவ்வூரிலேயே இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்து 2004-இல் தரைப்படைக்கு வழங்கத் தொடங்கிய அர்ஜுனும், 2009-இல் முதல் தொகுதி ஒப்படைக்கப்பட்ட டி-90 பீஷ்மாவும் அங்கே உருவாகி வந்திருக்கின்றன.

இவ்வளவு பெரிய யந்திரத்தைப் புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கும்படி பிளாஸ்டிக்கில் ஒட்டிச் சேர்த்து, வர்ணம் தீட்டி, நிஜத்தைப் போலவே நிறுத்துவது உலகெங்கும் பலர் ஈடுபட்டிருக்கும் ஒரு பொழுதுபோக்கு. மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போது இதில் விஞ்ஞானம் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் ஓர் எண்ணால் வகுத்துவிட்டால் மாதிரி கிடைத்துவிடுமே என்று எண்ணலாம். ஆனால் நாம் வகுக்கச் சொன்னவற்றையெல்லாம் இயற்கை வகுத்துக் கொடுப்பதில்லை. வடிவம் சுருங்கும், எடையும், தகட்டின் தடிப்பும், வெளிச்சமும், தூசியும் நாம் கேட்ட விகிதத்தில் சுருங்க மாட்டா. பெட்டியில் வந்த மாதிரியைத் தேர்ந்தவர்கள் மேலும் செம்மைப்படுத்துவதாகச் சொல்வதெல்லாம், கூர்ந்து நோக்கினால், இயற்கை சுருக்க மறுத்தவற்றைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய உபாயங்களால் சரிக்கட்டும் முயற்சியே ஆகும்.

டாங்கி மாதிரிகளில் மிகவும் பிரசித்தமான விகிதம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த எண் கணித நூல் எதிலிருந்தும் பிறந்ததன்று. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் ஓடும் மாதிரி ஒன்றைச் செய்ய முற்பட்டபோது, மின்மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் பேட்டரிகளும் உள்ளே அடங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் அதன் பருமனை நிர்ணயித்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்தது. பேட்டரியின் அளவு விதித்த அந்த எண்ணையே பிற நாட்டு நிறுவனங்களும் பின்பற்ற, இன்று அது உலகப் பிரமாணமாகிவிட்டது. இந்த விகிதப்படி, பீரங்கிக் குழாயை முன்னோக்கி நீட்டிய நிலையில் 9.53 மீட்டர் நீளமுள்ள டி-90 டாங்கி 272 மில்லிமீட்டராகவும், 3.78 மீட்டர் அகலம் 108 மில்லிமீட்டராகவும், 2.23 மீட்டர் உயரம் 64 மில்லிமீட்டராகவும் குறுகும்.

எடைக்கு வருவோம். டி-90-இன் எடை 46.5 டன். நீளம் முப்பத்தைந்தில் ஒன்றானால் பரப்பு 1,225-இல் ஒன்றாகும். கன அளவோ 42,875-இல் ஒன்றாகிவிடும். எனவே அதே எஃகால், அதே அடர்த்தியோடு மாதிரியைச் செய்தால் அதன் எடை ஒரு கிலோவும் 85 கிராமும் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் மாதிரியோ உள்ளே வெறுமையானது. அதில் பாதியைத் தொடுவதும் அரிது. நிஜ டாங்கி தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 0.9 கிலோ பாரத்துடன் அழுத்துகிறது. எஃகால் செய்த மாதிரிகூட அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கே அழுத்தும். நீளமும் பரப்பும் கன அளவும் வெவ்வேறு வேகத்தில் மாறும் இந்த உண்மையைக் கலீலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளை இந்தியாவிலேயே கழித்த ஹால்டேன் 1926-இல் எழுதிய ஒரு பிரபல கட்டுரையில் அதைப் பிராணிகளின் உடலுக்குப் பொருத்திக் காட்டினார். ஈர மண்ணில் டாங்கி பதித்துச் செல்லும் ஆழமான தடம் மாதிரியின் பாரத்தால் ஒருபோதும் விழாது. அதை மாதிரிக்காரர் தாமே கீறி உண்டாக்கவேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

இனி, பெட்டியைத் திறந்தால் கிடைக்கும் பாகங்களைப் பார்ப்போம். சட்டம் சட்டமாக, மெல்லிய பிளாஸ்டிக் கொம்புகளில் நூற்றுக்கணக்கான துண்டுகள் காய்த்திருப்பது போன்ற அந்தத் தோற்றம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதேனும் ஒரு மோல்டிங் பட்டறைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குப் பழக்கமானதே. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை இருநூறு டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சிக் குழம்பாக்கி, எஃகில் வெட்டிய இரு பாதி அச்சுகளுக்கிடையே பேரழுத்தத்தில் செலுத்தி, ஆறியதும் பிரித்தெடுக்கும் முறை இரண்டிற்கும் பொது. ரன்னர், கேட் என்று பட்டறையில் வழங்கும் வாய்க்கால்களே நாம் காணும் கொம்புகள். ஆறும்போது பாலிஸ்டைரீன் ஏறத்தாழ அரை சதவிகிதம் சுருங்குகிறது. ஆகையால் இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள டாங்கி உடலின் அச்சை வெட்டும்போதே ஒரு மில்லிமீட்டர் கூட்டி வெட்டவேண்டும். மாதிரியின் முதற் சுருக்கம் கணிதத்தின் வேலை. இரண்டாவது சுருக்கம் வெப்பத்தின் வேலை.

அச்சின் தேவைகள் பாகத்தின்மேல் தம் முத்திரையைப் பதிக்காமல் விடுவதில்லை. இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடும், அச்சு தேய்ந்திருந்தால் பிசிறும் தோன்றும். பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகள் வட்ட வடிவமான தழும்புகளை விட்டுச் செல்லும். தடித்த இடங்களில் மேற்புறம் முதலில் உறைந்து, பின்னால் உறையும் உட்புறம் அதை உள்ளே இழுத்துக்கொள்வதால் சிறு குழிகள் விழும். பாகம் அச்சிலிருந்து சிக்காமல் கழலவேண்டும் என்பதற்காகச் செங்குத்தாக இருக்கவேண்டிய பக்கங்களுக்கு ஓரிரு டிகிரி சாய்வும் கொடுத்திருப்பார்கள். இவற்றையெல்லாம் பிளேடால் சுரண்டி, கார் பட்டறைகளில் செய்வது போலவே பட்டி பார்த்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமன்செய்வதுதான் முதற் பணி. பொறுமையைச் சோதிக்கும் பணி என்றாலும், பாகங்கள் எவ்வாறு பிறந்தன என்பதை விரல்நுனிகளே கற்றுக்கொள்வது இங்கேதான்.

ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதற்கு உபயோகிக்கும் திரவம் பசை அன்று. பியூடைல் அசிடேட், அசிடோன் போன்ற கரைப்பான்களின் கலவை. பாலிஸ்டைரீனின் மூலக்கூறுகள் மிக நீண்ட இழைகள். இடியாப்பத்தைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இரு பாகங்களைப் பொருத்திப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் ஒரு துளி கரைப்பானைத் தொட்டுவைத்தால், தந்துகிக் கவர்ச்சியினால் அது கணப்பொழுதில் இடுக்கு நெடுக ஓடிவிடும். இருபுறத்து இழைகளும் தளர்ந்து, அந்தப் பக்கத்தது இந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்தது அந்தப் பக்கத்திலும் புகுந்து சிக்கிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனபின் எல்லைக்கோடே இராது. இரும்பைப் பற்றவைப்பதும் இதுவும் தத்துவத்தில் ஒன்றுதான். அங்கே வெப்பம் செய்வதை இங்கே கரைப்பான் செய்கிறது.

அடிப்படை வேலை முடிந்தபின் செம்மைப்படுத்தல் தொடங்குகிறது. ஆவடியின் பீஷ்மாவைச் செய்ய விரும்புகிறவர், மெங், ட்ரம்பெட்டர், ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட ரஷ்ய டி-90 பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அப்படியே ஒட்டினால் பீஷ்மா ஆகிவிடாது. ரஷ்ய டாங்கியின் குழாய்க்கு இருபுறமும் சுழல் கோபுரத்தில் இரண்டு சிவந்த கண்கள் போன்ற விளக்குகள் இருக்கும். ஷ்டோரா என்னும் அந்தச் சாதனம் அகச்சிவப்பு ஒளியை வீசி, தன்னை நோக்கி வரும் ஏவுகணையை வழிநடத்தும் கருவியைக் குழப்புவதற்கானது. இந்தியத் தரைப்படை இதை ஏற்கவில்லை. பீஷ்மாவில் அந்த இடங்களையும் வெடிப்புக் கவசக் கட்டிகளே நிரப்பியிருக்கின்றன. ஆகவே மாதிரிக்காரர் அந்தக் கண்களை நீக்கி, பிளாஸ்டிக் தகட்டை வெட்டிக் கவசக் கட்டிகளைத் தாமே செய்து பொருத்தவேண்டும். மேல்நோக்கிய அம்புக்குறியோடும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களோடும் தொடங்கும் இந்திய ராணுவ வாகன எண்ணையும் எழுதவேண்டும். புகைப்படங்களை ஒப்பிட்டு வேற்றுமைகளைப் பட்டியலிடும் இந்த வேலையில், ஒரு டாங்கி எந்தப் பகைவனை, எந்த நிலத்தில் எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்பதும் தானாகவே விளங்கிவரும்.

அடுத்தது தடிப்பு. நிஜ டாங்கியின் மட்கார்டு இரண்டு மில்லிமீட்டர்த் தகடு என்று கொண்டால் மாதிரியில் அது 0.06 மில்லிமீட்டராக இருக்கவேண்டும். உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு குறுகிய சந்துக்குள் ஓடி நிரம்புவதற்குமுன் உறைந்துவிடும். அதனால் பெட்டியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்த் தடிப்புள்ளது. அதை முப்பத்தைந்தால் பெருக்கினால் மட்கார்டு மூன்றரை சென்டிமீட்டர்க் கனத்த பலகையாகிவிடும். இதற்குப் பரிகாரமாக வந்ததே பொறிக்கப்பட்ட பித்தளைத் தகடு. எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகைகளைச் செய்யும் அதே முறையில், ஒளியால் இறுகும் படலத்தைத் தகட்டின்மேல் பூசி, படத்தின் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, படலம் இல்லாத இடங்களைப் பெரிக் குளோரைடு கரைசலால் அரித்தெடுத்தால், 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள வலைகளும் கொக்கிகளும் கிடைக்கின்றன. கணக்குப்படி இதுவும் சற்றுத் தடிப்பே. ஆனால் பிளாஸ்டிக்கைக் காட்டிலும் நிஜத்திற்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. பித்தளை வாங்க வசதியில்லாதவர்கள், பிளாஸ்டிக் தகட்டின் விளிம்பை மட்டும் பின்புறத்தில் சாய்வாகத் தேய்த்து மெல்லியதாக்கிவிடுகிறார்கள். கண் விளிம்பைப் பார்த்தே தடிப்பை ஊகிப்பதால் ஏமாந்துபோகிறது.

பீரங்கிக் குழாயும் இப்படியே. 125 மில்லிமீட்டர் வாய்க்குழாய் மாதிரியில் 3.6 மில்லிமீட்டர்; ஆறு மீட்டர் நீளம் 171 மில்லிமீட்டர். இரு பாதிகளாக வரும் குழாயை ஒட்டி, இணைப்புக் கோட்டைத் தேய்க்கத் தேய்க்க வட்டம் முட்டை வடிவாகிவிடும் அபாயம் உண்டு. லேத்தில் கடைந்த அலுமினியக் குழாய் அந்தத் தொல்லையே இல்லாமல் முழு வட்டமாக அமைந்துவிடுகிறது.

வார்ப்பின் சொரசொரப்பையும் பற்றவைப்புத் தழும்புகளையும் உண்டாக்கும் விதம் பார்க்கத்தக்கது. டி-72எம்1-இன் கோபுரம் வார்ப்பு. ஆகவே அதன் மாதிரியில் கரைப்பானைப் பூசி, மேற்பரப்பு இளகியதும் தேய்ந்த தூரிகையின் முனையால் குத்திக் குத்தி வார்ப்பின் சொரசொரப்பைக் கொண்டுவருவார்கள். ஆவடியில் உருவாகும் பீஷ்மாவின் கோபுரமோ தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. அதற்கு, வேண்டாமென்று ஒதுக்கிய பிளாஸ்டிக் கொம்பின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றவேண்டும். ஏறத்தாழ நூறு டிகிரியைத் தாண்டியதும், அதுவரை கண்ணாடியைப் போல் விறைத்திருந்த பாலிஸ்டைரீன் பளபளத்து, நடுவில் தொய்யத் தொடங்கும். அந்த க்ஷணத்தில் சுடரிலிருந்து விலக்கி இருபுறமும் இழுத்தால், இரண்டரை மில்லிமீட்டர்ப் பருமனும் ஒரு சென்டிமீட்டர் நீளமும் உள்ள இளகிய பகுதி இருபத்தைந்து சென்டிமீட்டர் நீண்டு, அரை மில்லிமீட்டர் இழையாகிக் காற்றிலேயே உறைந்துவிடும். நீளம் இருபத்தைந்து மடங்கானால் குறுக்களவு ஐந்தில் ஒன்றாகும் என்பது கன அளவு மாறாததன் விளைவு. அந்த இழையை இணைப்பின்மேல் கிடத்தி, கரைப்பானால் இளக்கி, கத்தி முனையால் நெருக்கமாக அழுத்திக்கொண்டே போனால், வெல்டர் விட்டுச் சென்ற அலையலையான தழும்பு கண்முன் எழும்பிவருகிறது.

சங்கிலிப் பட்டையில் இயற்கை நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. பிளாஸ்டிக் அதைப் பறித்துவிடுகிறது. இரு முனைகளில் தாங்கித் தொங்கும் சங்கிலி எந்த வளைவை எய்தும் என்ற பிரச்னையை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியே தீர்த்தார்கள். அந்த வளைவு சங்கிலியின் எடையைப் பொறுத்ததன்று. இரும்பானாலும் நூலானாலும், பெரிதானாலும் சிறிதானாலும், கணுக்கள் தாராளமாக மடங்குமானால் உருவம் ஒன்றே. ஆகவே தொய்வு என்பது ஒழுங்காகச் சுருங்கக்கூடிய குணங்களில் ஒன்று. ஆயினும் பெட்டியில் வரும் வினைல் பட்டைக்குக் கணுக்கள் இல்லை. தன் அற்ப எடைக்கு வளைந்துகொடுக்காத விறைப்பு மட்டும் இருக்கிறது. அதனால் ரப்பர் வளையம் போல் இழுபட்டு நிற்கிறது. கணுக் கணுவாக மடங்கும் உலோகப் பட்டையைப் பூட்டினால், ஈர்ப்பு விசை தானாகவே மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தச் சமன்பாட்டை நிறைவேற்றிவிடும். பக்கத்திரை மறைக்கும் பீஷ்மாவில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. 1971 யுத்தத்தில் நம் படையிலிருந்த டி-55-இலோ, மேற்பட்டையைத் தாங்கும் உருளைகளே இல்லாமல் அது தரைச் சக்கரங்களின் தலைமேல் படிந்து கிடக்குமாதலால், முதற் பார்வையிலேயே வெளிப்பட்டுவிடும்.

வர்ணத்தைப் பற்றி ஒரு விசித்திரம். தொழிற்சாலையில் பூசிய அதே பச்சையைக் கொண்டுவந்து மாதிரிக்குப் பூசினால், அது நிஜத்தைவிடக் கறுத்தும் ஜீவனற்றும் தோன்றுகிறது. இடையிலுள்ள காற்றுமண்டலமே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அரை மீட்டரிலிருந்து மாதிரியைப் பார்ப்பது பதினேழரை மீட்டரிலிருந்து நிஜத்தைப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு குறுகிய தூரத்துக் காற்று வர்ணத்தை மாற்றிவிடாது. உண்மைக் காரணம் வெளிச்சம். நடுப்பகல் வெயிலின் பிரகாசம் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டு டியூப்லைட்டின் கீழ் சில நூறு லக்ஸே. ஒளி குறையக் குறைய வர்ணங்களின் செழுமையும் குறைந்து தோன்றும் என்பதை ஹன்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1952-இல் எடுத்துக்காட்டினார். வெளிச்சத்திற்கும் நிழலுக்கும் உள்ள பேதமும் அவ்வாறே மங்கும். மேலும், வெட்டவெளியில் சூரியன் வானத்தில் அரை டிகிரி மட்டுமே அகன்ற ஒற்றை விளக்கு. அதன் நிழல் கத்தி வெட்டியது போல் விழும். அறையிலோ நீண்ட குழல் விளக்கும் வெள்ளைச் சுவர்களும் நாற்புறமும் ஒளியைச் சிதறி நிழல்களை அழித்துவிடுகின்றன. எனவேதான் மாதிரிக்காரர்கள் வர்ணத்தில் வெளிர்மை கலந்து, இடுக்குகளில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு, விளிம்புகளை உலர்ந்த தூரிகையால் தொட்டு எடுக்கிறார்கள். வராத வெயிலை வர்ணத்தால் வரவழைக்கும் வித்தை அது.

நம் ஊரின் சீதோஷ்ணமும் இதில் பங்கு கேட்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் வர்ணத்தைத் தெளித்தால், கரைப்பான் விரைவில் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் சென்று மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஈரக் காற்றிலுள்ள நீராவி அங்கே பனித்து, படலம் வெளுத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்ப்பதும், மழை ஓய்ந்த நண்பகலுக்குக் காத்திருப்பதும் நிவாரணம். பித்தளையை ஒட்டும் ஃபெவிக்விக் போன்ற பசைகளோ காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுபவை. ஆகவே நம் கடலோரக் காற்றில் அவை துரிதமாகப் பிடிக்கும், சுற்றிலும் வெண்புகை போன்ற கறையையும் படியவிடும். கடைசியில் தூசி. கோலப்பொடியின் அரை மில்லிமீட்டர்த் துகள்கூட மாதிரியின் உலகில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்க் கூழாங்கல்லாகிவிடும் என்பதால், ராஜஸ்தானத்துப் புழுதியைக் காட்ட முகப்பவுடரை ஒத்த நுண்ணிய வர்ணப் பொடியே உகந்தது.

இவ்வாறு செம்மைப்படுத்திக்கொண்டே போனால் இதற்கு முடிவு ஏது என்று கேட்கலாம். முடிவு உண்டு, அதையும் பௌதிகமே வகுத்திருக்கிறது. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பகுத்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.09 மில்லிமீட்டருக்குச் சமம்; முப்பத்தைந்தால் பெருக்கினால் நிஜ டாங்கியில் மூன்று மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் போல்ட்டின் தலை மாதிரியில் தெரியும். ஆகவே அதைச் செய்யத்தான் வேண்டும். அந்த போல்ட்டின் மரைப்புரிகள் தெரியா. அவற்றிற்காகக் கண்விழிப்பது வியர்த்தம். அந்த மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்டதில் அசிரத்தை காட்டாமலும், அதற்குக் கீழ்ப்பட்டதில் ஆசை வைக்காமலும் கையை நிறுத்தத் தெரிந்தவரையே இந்தக் கலையில் தேர்ந்தவர் என்று சொல்லவேண்டும்.